நாலு பேர் பார்த்தார்கள், எனக்காக ஒருவரும் பார்க்கவில்லை

மாடம்பாக்கத்தில் எங்களுக்கு அரை கிரவுண்ட், அதாவது 1200 சதுர அடி மனை இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் வேலிக்காத்தான் முளைத்துக் கிடந்தது. என் கணவர் மஸ்கட்டில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். நான் இங்கே ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. சேலையூரில் மாதம் 18,000 ரூபாய் வாடகைக்கு இருந்தோம். 2023 தை மாதம் வாஸ்து நாளில் பூமி பூஜை போட்டோம். "பத்தே மாசம் மேடம், இந்தக் கார்த்திகைத் தீபத்த புது வீட்ல ஏத்துங்க" என்றார் கான்டிராக்டர். நாங்கள் குடிபோனது 2025 பிப்ரவரி முதல் வாரத்தில். இடையில் எங்கள் கையை விட்டுப் போனது 12 லட்சத்து 86 ஆயிரம் ரூபாய். அது எப்படிப் போனது என்று ஒன்று விடாமல் எழுதுகிறேன். எனக்கு முன்னால் வீடு கட்டியவர்களில் யாராவது ஒருவர் இதை எனக்குச் சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

கான்டிராக்டர் என் நாத்தனார் கணவர் மூலமாக வந்தவர். மூன்று பேரிடம் விலை கேட்டோம். சதுர அடிக்கு ஒருவர் 2,350, ஒருவர் 2,600, இவர் 2,400. "நம்ம ஆளு" என்பதால் இவருக்கே கொடுத்தோம். கீழே 780, மேலே 780, மொத்தம் 1560 சதுர அடி. 37 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய் என்று மனதில் கணக்குப் போட்டு, வங்கியில் 25 லட்சம் கடன் வாங்கி, மீதியை என் கணவருடைய சேமிப்பிலிருந்தும் என் நகையிலிருந்தும் திரட்டினோம். முத்திரைத்தாளில் மூன்று பக்க ஒப்பந்தம். அதில் சிமென்ட் என்ன கம்பெனி, டைல்ஸ் சதுர அடி எத்தனை ரூபாய், கதவு என்ன மரம் என்றெல்லாம் இருந்தது. 1560 சதுர அடியை எப்படி அளப்பது என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இல்லாததற்கு என்ன விலை என்று பிறகுதான் தெரிந்தது.

நான் அப்போது தைரியமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. என் வீட்டு வேலையை நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் சைட்டுக்கு வரும் இன்ஜினியர் தம்பி ஒருவர். பிளான் வரைந்து அனுமதி வாங்கித் தந்தவர் ஒருவர். ஒவ்வொரு தவணைக்கு முன்பும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் ஒருவர். அப்புறம் எங்கள் நாத்தனார் கணவர், ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு "வேலை பக்காவா போகுது" என்பார். ஒரு வருடம் கழித்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. சைட் இன்ஜினியருக்குச் சம்பளம் கொடுப்பது கான்டிராக்டர். பிளான் வரைந்தவர் கான்டிராக்டர் கூட்டி வந்தவர், அவருக்கு மாதத்தில் நாலு வேலை இவரிடமிருந்துதான். வங்கி மதிப்பீட்டாளர் வங்கிக்காக வருபவர். கொடுத்த கடனுக்கு ஈடாகச் சுவர் நிற்கிறதா என்று பார்த்து, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் போய்விடுவார். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அவருடைய வேலை அவ்வளவுதான். "பேங்க்லயே வந்து பாத்துட்டாங்க" என்று நான் ஆறுதல் பட்டுக்கொண்டதுதான் தவறு. நாத்தனார் கணவருக்குத் தான் சொன்ன ஆள் நல்லவராக இருக்க வேண்டும் என்ற ஆசை. தாம்பரம் மாநகராட்சியில் வாங்கிய அனுமதியும் விதிப்படி இடம் விட்டிருக்கிறோமா, எத்தனை மாடி என்பதைத்தான் பார்க்கிறது. உள்ளே எத்தனை கம்பி, எத்தனை மூட்டை என்பது அவர்கள் பொறுப்பில்லை. ஆக, எனக்காகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

பணம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். ஒப்பந்தத்தில் தவணை இப்படி இருந்தது: முன்பணம் 10 சதவீதம், பேஸ்மென்ட் (தரைக்கு மேல் எழுப்பி மண் நிரப்பும் அடிமட்டம்) முடிந்ததும் 20, கீழ்த்தள லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) வந்ததும் 15, கீழ்த்தள ரூஃப் போட்டதும் 20. கூட்டினால் 65. அதாவது வீட்டில் பாதி கூட எழும்பாத நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பணம் அவர் கையில். மேல்மாடி முழுக்க, இரண்டு மாடிக்கும் பூச்சு, டைல்ஸ், கதவு ஜன்னல், வயரிங், பிளம்பிங், பெயின்ட் இத்தனைக்கும் மீதி 35 தான். கையெழுத்துப் போடும் அன்று இதைக் கவனிக்க எனக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் தினமும் தவணை, பாக்கி என்று புழங்குகிறவள் நான். பில்லும் ரசீதும் பொருந்துகிறதா என்று பார்க்கத் தெரியும். பில்லில் எழுதியது தரையில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாது. உங்களிடம் யாராவது இப்படி ஒரு தவணைப் பட்டியலை நீட்டினால், ஒவ்வொரு கட்டத்திலும் செய்து முடித்த வேலையின் மதிப்பை விடக் கொடுத்த பணம் குறைவாகவே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வேலையை விட்டுவிட்டுப் போனால் நஷ்டம் யாருக்கு என்பதை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது.

முதல் கூடுதல் பில் மண்ணில் வந்தது. பேஸ்மென்ட் நிரப்ப 18 லோடு சவுடு, லோடு 5,500, மொத்தம் 99,000 ரூபாய். மண் எங்கள் ஒப்பந்தத்தில் சேர்த்தி இல்லை, தனி. லாரி வரும்போது நான் அலுவலகத்தில் இருப்பேன். சாயங்காலம் போனால் மண் பரவிக் கிடக்கும். எத்தனை லோடு என்று எப்படிச் சொல்வது? கொடுத்துவிட்டேன். பிற்பாடு தெரிந்துகொண்ட கணக்கு இது. 780 சதுர அடி, இரண்டரை அடி உயரம், பெருக்கினால் 1950 கன அடி. நம் ஊரில் 100 கன அடி ஒரு யூனிட், ஆக 19.5 யூனிட். மண் தண்ணீர் விட்டு இடித்தால் அமுங்கும், அதற்குக் கால் பங்கு சேர்த்தாலும் 24 அல்லது 25 யூனிட். எங்கள் தெருவுக்குள் வந்தது மூன்று யூனிட் லாரி. எட்டு லோடில் முடிந்திருக்க வேண்டும். நடுவில் இருக்கும் சுவர்களின் இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். ஒரு டேப்பும் ஐந்து நிமிடமும் இருந்திருந்தால் 55,000 ரூபாய் என்னிடமே இருந்திருக்கும். லோடை எண்ண முடியாவிட்டால் கவலைப்பட வேண்டாம், நிரம்பிய இடத்தை அளக்கலாம். மண் போடும் முன் நாலு பக்கமும் உள்ளளவும் ஆழமும் எடுத்து, ஒரு தாளில் எழுதி, கான்டிராக்டரிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

அடுத்தது கம்பி. கீழ்த்தள ரூஃபுக்கு முன்னால் "டிராயிங்ல இருக்கறத விட 1.2 டன் எக்ஸ்ட்ரா போயிருக்கு மேடம், உங்க வீடு ஸ்ட்ராங்கா இருக்கணும்னுதான்" என்று 81,600 ரூபாய்க்கு பில் தந்தார். வீடு பலமாக இருக்கட்டும் என்று சொன்னால் எந்தப் பெண் மறுப்பாள்? அதையும் கொடுத்தேன். கம்பி என்பது எடை போட்டுச் சரிபார்க்க மிகச் சுலபமான பொருள் என்று அன்று எனக்குத் தெரியாது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மி.மீ. கம்பி என்றால் 144 ஐ 162 ஆல் வகுக்க வேண்டும், மீட்டருக்கு 0.89 கிலோ. முழுக் கம்பி 12 மீட்டர் நீளம், பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். டிராயிங்கைப் பார்த்து எந்த அளவுக் கம்பி எத்தனை மீட்டர் என்று போட்டுத் தரும் பட்டியலுக்கு பார் பெண்டிங் ஷெட்யூல் என்று பெயர். வேலை ஆரம்பிக்கும் முன் அதைக் கேட்டு வாங்கிவிட்டால் கூடுதல் கம்பி என்ற பேச்சே எழாது.

ஆகஸ்ட் மாதம் ரூஃப் கான்கிரீட். காலையிலேயே எல்லோருக்கும் டிபன் வாங்கிக்கொண்டு போனேன். மிக்ஸர் சத்தமும், சித்தாள் பெண்கள் சட்டி கைமாற்றும் வேகமும், மேஸ்திரியின் அதட்டலும் எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. ஏணி ஏறி, கட்டியிருந்த கம்பியைப் போனில் படம் எடுத்து என் கணவருக்கு அனுப்பினேன். "சூப்பரா இருக்கு" என்று பதில் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் படத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாது. ஆனால் அந்தப் படங்கள்தான் பிறகு எனக்குக் கை கொடுத்தன. நீங்கள் யாராக இருந்தாலும், ஒன்றும் புரியாவிட்டாலும், மூடிப் போகப்போகிற எதையும் மூடுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். கம்பி மேல் டேப்பை நீட்டி வைத்து, எண்கள் தெரிகிற மாதிரி எடுங்கள். சுவருக்குள் போகும் குழாய், தரைக்குள் போகும் பைப், அஸ்திவாரக் குழியின் ஆழம், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ரூஃப் தவணை கேட்டபோதுதான் கான்டிராக்டர் சதுர அடிக் கணக்கைக் காட்டினார். 1742. ஜன்னல் மேல் வரும் சன்ஷேட், முன்புற போர்டிகோ முழுசாக, மாடிப்படி மேல் வரும் ஹெட்ரூம் எல்லாம் சேர்த்திருந்தார். 182 சதுர அடி கூடுதல், 2,400 வீதம் 4,36,800 ரூபாய். முதல் தவணையிலிருந்தே சதவீதத்தை இந்த மொத்தத்தின் மேல்தான் போட்டு வாங்கியிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. கேட்டபோது "ஃபீல்டுல எல்லாரும் இப்படித்தான் மேடம் அளப்போம்" என்றார். ஃபீல்டில் எப்படி அளப்பார்கள் என்று தெரிந்த ஒருவர் என் பக்கத்தில் இல்லை. சைட் இன்ஜினியர் தம்பியைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். அந்தத் தம்பியின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. மேல்மாடிச் சுவர் எழுப்ப அவசரமாக ஒரு லட்சம் என்று இன்னொன்றும் வாங்கினார். எல்லாம் சேர்த்து அதுவரை கொடுத்தது 29,98,120 ரூபாய்.

நவம்பர் முழுக்க மழை, ஆள் வரவில்லை. கார்த்திகைத் தீபத்தை வாடகை வீட்டு வாசலில்தான் ஏற்றினேன். டிசம்பர் 4 ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் சென்னையே மிதந்தபோது, எங்கள் தெருவிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். கொட்டகையில் இருந்த சிமென்ட் மூட்டை கல்லாக இறுகிக் கிடந்தது. மேல்மாடிச் சுவர் ஜன்னல் மட்டம் வரைக்கும் நின்றது. ஆள் யாரும் இல்லை. பொங்கல் முடிந்து வருகிறேன் என்றார் கான்டிராக்டர். பொங்கல் முடிந்தது. போனை எடுப்பதை நிறுத்தினார். கான்கிரீட் போட முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் பலகையை ஒரு நாள் இரவில் லாரி வைத்து எடுத்துப் போய்விட்டார்கள் என்று பக்கத்து மனைக் காவலாளி சொன்னார். வாடகை ஒரு பக்கம், வங்கிக்கு வட்டி ஒரு பக்கம். மகளுக்குப் பரீட்சை நேரம். அவளுக்குத் தெரியக் கூடாது என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். நாத்தனார் வீட்டில் சொன்னால் அவர்கள் மனம் நோகும், சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கும். கட்டிடம் என்று இல்லை, எந்த வேலையையும் சொந்தக்காரர் மூலமாகக் கொடுக்கும்போது கேள்வி கேட்கும் உரிமையில் பாதியை அன்றைக்கே இழந்துவிடுகிறோம் என்று அந்த ஒரு மாதத்தில் எனக்குத் தோன்றியது.

வழி காட்டியது மஸ்கட்டிலிருந்து வந்த ஒரு போன்தான். என் கணவர் சொன்னார்: "இங்க ஒரு டாய்லெட்டுக்கு டைல்ஸ் ஒட்டினாக்கூட கான்டிராக்டர் பில்ல ஓனரோட குவான்டிட்டி சர்வேயர் அளந்து பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் பணம். இருபது வருஷமா இத தினமும் பாக்கறேன். நம்ம வீட்டுக்கு அது தோணலியே." வளைகுடா நாடுகளில் இது சாதாரண நடைமுறை, பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து வந்தது. நம் பொதுப்பணித்துறையிலும் இதே முறைதான். செய்த வேலையை அளந்து எம் புக்கில், அதாவது அளவுகளைப் பதியும் மெஷர்மென்ட் புக்கில் ஏற்றி, மேலே இருக்கும் அதிகாரி மறுபடி சரிபார்த்த பிறகுதான் பில் பாஸாகும். பெரிய பெரிய அடுக்குமாடிக்காரர்களுக்கு இதற்கென்றே தனி நிறுவனங்கள் உண்டு. இரண்டாயிரம் சதுர அடிக்குள் சொந்த வீடு கட்டுகிற நம்மைப் போன்றவர்கள்தான் கான்டிராக்டரையே நம்பி, அவருடைய டேப்பாலேயே அளந்து பணம் கொடுக்கிறோம்.

அலுவலகத்தில் ஒருவருடைய மாமனார் பொதுப்பணித்துறையில் உதவி செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்து, 2024 பிப்ரவரியில் குரோம்பேட்டையில் அவரைப் போய்ப் பார்த்தேன். முழுவதையும் கேட்டார். நான் அழ ஆரம்பித்ததும் காபி வரவழைத்தார். அப்புறம், "சார், மீதி வேலையை நீங்களே ஆள் வெச்சு முடிச்சுக் குடுத்துடுங்களேன்" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன். "ஆள் நானே கொண்டு வந்தா, என் ஆளை நானே எப்படிம்மா அளக்கறது? ஆளை நீங்க பிடிங்க. நான் அளந்து சொல்றேன்." எந்தக் கடையில் கம்பி வாங்கலாம் என்று கேட்டதற்கும் பெயர் சொல்லவில்லை. என்ன பிராண்ட், என்ன கிரேடு என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். முதல் அளவீட்டுக்கும் அறிக்கைக்கும் 15,000, பிறகு ஒரு தடவை வந்தால் 2,000 என்று பேசிக்கொண்டோம்.

அவர் வந்த அன்று நான் விடுப்பு எடுத்தேன். காலை ஏழு மணிக்கு டேப், நூல் குண்டு, நீளமான ஒரு நோட்டோடு வந்தார். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். ஒவ்வொரு சுவராக நீளம், உயரம், கனம். எண்ணிக்கை முதலில், அப்புறம் நீளம், அகலம், ஆழம், கடைசியில் பெருக்குத்தொகை. இதுதான் எம் புக் வரிசை என்றார். பாத்திக்கட்டு மாதிரி அந்தக் கட்டங்கள் நிரம்ப நிரம்ப என் வீடு எனக்கே முதன்முறையாகப் புரிந்தது. மூன்று நாள் அளந்தோம். அளவுகளைப் பொதுப்பணித்துறை விலைப்பட்டியலோடும் அப்போதைய சந்தை விலையோடும் வைத்துப் பார்த்து, செய்த வேலையின் மதிப்பு 17 லட்சத்து 60 ஆயிரம் என்று அறிக்கை கொடுத்தார். நான் கொடுத்திருந்ததற்கும் அதற்கும் வித்தியாசம் 12,38,120 ரூபாய். அந்தத் தாளைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் அதற்கு முன் மூன்று மாதமாக, நாமாக ஏதாவது கற்பனை செய்துகொள்கிறோமோ என்று ஒரு தவிப்பு இருந்ததே, அது அன்றோடு போனது.

போனில் இருந்த ரூஃப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தவர் ஒரு படத்தில் நிறுத்தினார். டிராயிங்கில் 5 அங்குலத்துக்கு ஒரு கம்பி. படத்தில் அப்படித் தெரியவில்லை. கான்கிரீட்டை உடைக்காமல் உள்ளே கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியோடு ஒருவரை வரவழைத்தோம். ஹாலில் சரியாக இருந்தது. படுக்கையறைக்கு மேல் 7 அங்குலத்துக்கு ஒன்று. நான்கில் ஒரு பங்குக்கு மேல் கம்பி குறைவு. கூடுதல் கம்பி போயிற்று என்று என்னிடம் 81,600 வாங்கிய அதே தளத்தில்! ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைப் பார்த்து, அந்த அறையின் குறுக்கே இரும்பு உத்திரம் ஒன்று கொடுக்க வேண்டியதாயிற்று, 96,000 ரூபாய். ராத்திரி படுத்தால் கண்ணுக்கு நேராக அந்த உத்திரம்தான் தெரியும். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் யாராவது ஒருவர் டேப் வைத்திருந்தால் ஒரு மணி நேர வேலையில் சரி செய்திருக்கலாம்.

அறிக்கையை வைத்துக்கொண்டு கான்டிராக்டருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். இந்தத் தேதியில், இந்த நேரத்தில் கூட்டு அளவீடு, நீங்களோ உங்கள் ஆளோ வராவிட்டால் இந்த அளவையே இறுதியாகக் கொள்வேன் என்று சார் சொன்னபடி எழுதினேன். அதுவரை போனையே எடுக்காதவர் மகனோடு வந்தார். முதலில் சத்தம் போட்டார். சார் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. டேப்பை அவர் கையில் கொடுத்து, "நீங்களே அளங்க, நான் எழுதிக்கறேன்" என்றார். அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாகவே இருந்தது. 182 சதுர அடியை அன்றே விட்டுக்கொடுத்தார். மீதிக்கு வக்கீலைப் பார்த்தேன். சொந்த மனையில் கான்டிராக்டர் வைத்துக் கட்டும் வீடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பக்கம் வராது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்றார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. வேலையையும் மகளையும் வைத்துக்கொண்டு அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. மூன்று தவணையில் 3 லட்சம் திரும்பி வந்தது. 9,38,120 போனது போனதுதான். அதோடு உத்திரத்துக்கு 96,000, குடிபோகத் தாமதமான 14 மாத வாடகை 2,52,000. முதலில் சொன்ன 12 லட்சத்து 86 ஆயிரம் இதுதான்.

மீதி வேலையை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். மேல்மாடிக்கு ஒரு மேஸ்திரி, பூச்சுக்கு ஒருவர், மொட்டை மாடியில் தளம் ஒட்ட ஒருவர், டைல்ஸுக்கு ஒருவர். சாரைக் கேட்காமல் மூடக் கூடாத இடங்கள் என்று ஒரு பட்டியல் சுவரில் ஒட்டினோம்: கம்பி கட்டி முடித்தபின், பைப் அழுத்தம் சோதித்தபின், வாட்டர் புரூஃபிங் மேல் தண்ணீர் தேக்கிப் பார்த்தபின். மேல்மாடி ரூஃப் அன்று அதே கான்கிரீட்டில் ஆறு கியூப், அதாவது சோதனைக் கட்டிகள் எடுத்தோம். மூன்றை 7 ஆம் நாளும் மூன்றை 28 ஆம் நாளும் சோதனைக்கூடத்தில் நசுக்கிப் பார்த்தார்கள். எம்20 கான்கிரீட் என்றால் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும், எங்களுடையது 26 வந்தது. அந்தக் காகிதத்தைப் பூஜை அறையில் வைத்தேன். பூச்சு மேஸ்திரி ஜன்னல் கதவையெல்லாம் சேர்த்து முழுச்சுவராக அளந்து பில் போட்டார். அவர் ஏமாற்றவில்லை, அவருக்குப் பழக்கம் அப்படி. இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கும் விதி இருக்கிறது. அரை சதுர மீட்டருக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரையிலான திறப்புக்கு, இரண்டு பக்கமும் பூசினால் ஒரு பக்கத்தைக் கழிக்க வேண்டும். நாலுக்கு நாலு ஜன்னலும் நம் வீட்டு வாசல் கதவும் இதில்தான் வரும். விளக்கிச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். முன்கூட்டியே பேசி எழுதியிருந்தால் இந்த விளக்கமும் தேவைப்பட்டிருக்காது.

முதல் அளவீட்டுக்குப் பிறகு சார் 38 தடவை வந்தார். முதல் 15,000 சேர்த்து அவருக்கு 91,000 கொடுத்தேன். ஆரம்பத்திலேயே பிடித்திருந்தால் மொத்தச் செலவில் ஒன்றரை, இரண்டு சதவீதத்தில் முடிந்திருக்கும். "இதுக்கு ஒரு செலவா" என்று தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கும். எனக்குக் கைவிட்டுப் போனது மூன்றில் ஒரு பங்கு வீட்டுக் காசு. இப்படி ஒருவரைத் தேடும்போது கான்டிராக்டரிடமே பெயர் கேட்காதீர்கள். அளக்க வருபவருக்கு ஆள் சப்ளை இருக்கிறதா, கடைகளோடு பழக்கம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கட்டணத்தை நீங்களே, உங்கள் கையால் கொடுங்கள். கான்டிராக்டர் பில்லோடு சேர்த்துப் போகக் கூடாது. அவர் அளந்து கையெழுத்துப் போட்ட பிறகே பணம் என்ற வரியைக் கான்டிராக்டர் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அதை மறுக்கிற கான்டிராக்டரை அன்றைக்கே விட்டுவிடலாம். நல்ல கான்டிராக்டர்களுக்கு இது உதவிதான். எங்கள் மேல்மாடி மேஸ்திரி, "இந்த மாதிரி அளந்து குடுத்தா எங்களுக்கும் பணம் நிக்காதுக்கா" என்றுதான் சொன்னார். வீட்டில் பெரியவர்கள், "ஆளை வெச்சுட்டு சந்தேகப்படறியா" என்பார்கள். என் மாமியாரும் சொன்னார். அளப்பது சந்தேகம் இல்லை அத்தை, நாம் துணி எடுத்தால் கடைக்காரர் அளந்துதானே கொடுக்கிறார் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒவ்வொருவர் பில்லிலும் 5 சதவீதம் பிடித்தம் வைத்திருந்தோம். ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு தருவதாகப் பேச்சு. மொட்டை மாடியில் தளம் ஒட்டியவருக்கு 6,200 ரூபாய் நின்றது. 2025 மழை முழுக்க மாடி அறைகளின் மூலைகளைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. கார்த்திகைத் தீபம் முடிந்த வாரம் அவரைக் கூப்பிட்டேன். இப்படிப் பிடித்த காசை யாரும் தேடிக் கூப்பிட்டுக் கொடுத்ததில்லை என்றார். பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, எம் புக்கின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.